சாக்குச் சணல்

பெரியவன் பட்டறையின் தகரக் கதவைக் காலால் உதைத்துத் திறந்தான். கதவு சுவரில் மோதித் திரும்பி வந்து அவன் முழங்காலையே இடித்தது. அதற்கும் ஓர் உதை விட்டான். தோளில் இரண்டு கயிறுகள் கிடந்தன. ஒன்று பழுப்பு, முழுசாக இருந்தது. மற்றது வெள்ளை, பாதியில் அறுந்திருந்தது. சட்டையில் சுண்ணாம்பும் ரத்தமும் கலந்து காய்ந்திருந்தன. அந்த ரத்தம் அவனுடையது இல்லை என்று அண்டாக்காரிக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

அவள் அவனுடைய தங்கை. கல்யாணமாகி இந்தப் பட்டறைக்கு வந்த நாளிலிருந்து இழை வேகவைக்கிற அண்டாவுக்குப் பக்கத்திலேயே நிற்பதால் தெருவே அவளை அண்டாக்காரி என்று கூப்பிட்டது. அவள் புருஷன் முறுக்கன். இடுப்பில் நாரைக் கட்டிக்கொண்டு, ராட்டையைப் பார்த்தபடி பின்னால் நடந்து நடந்தே கயிறு திரிப்பவன். முன்னால் நடந்த தூரத்தைவிடப் பின்னால் நடந்த தூரம்தான் அவன் வாழ்க்கையில் அதிகம் என்று அவளுடைய தம்பி கேலி செய்வான்.

"தம்பி எங்கண்ணா?" என்றாள்.

"செத்துட்டான்."

அவள் துடுப்பைக் கீழே போடவில்லை. அண்டாவை இரண்டு சுற்றுக் கிளறினாள். பொங்கி வருகிற கொதியைக் கிளறித்தானே ஆகவேண்டும்? காதில் விழுந்தது கைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதன் பிறகுதான் விறகுக் குவியலின் மேல் உட்கார்ந்தாள்.

அண்ணன் தம்பி இருவருக்கும் உயரமான சுவர்களுக்குச் சுண்ணாம்படிக்கிற வேலை. மொட்டைமாடியிலிருந்து இரண்டு கயிறுகளில் ஒரு பலகை தொங்கும். சின்னவன் பலகையில் உட்கார்ந்து அடிப்பான். பெரியவன் மேலே இருந்து கயிற்றைப் பார்த்துக்கொள்வான். சின்னவனுக்கு அந்தரத்தில் உட்கார்ந்தால்தான் வாய் திறக்கும். கீழே போகிறவர் வருகிறவரையெல்லாம் வம்புக்கு இழுப்பான். இன்று காலை யாரையோ கூப்பிட்டு ஏதோ சொல்லச் சிரித்துக்கொண்டே திரும்பியிருக்கிறான். வெள்ளைக் கயிறு அறுந்துவிட்டது. பலகை ஒரு பக்கம் சாய்ந்து, பழுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டே இருந்தது. சின்னவன் தொங்கவில்லை. கீழே கிடந்த கல் குவியலில் தலை பட்டிருக்கிறது. பெரியவன் படிகளில் இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதையெல்லாம் பெரியவன் கோவையாகச் சொல்லவில்லை. அவனுக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது, கைதான் வரும். அவன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்.

"முடிச்சு நான் போட்டது. இந்தா பாரு. அவிழ்ந்திருக்கா? நீயே சொல்லு, அவிழ்ந்திருக்கா?"

வெள்ளைக் கயிற்றின் மேல்முனையில் முடிச்சு அப்படியே இருந்தது. தெரு முழுக்க அதை எல்லோரிடமும் காட்டிக்கொண்டே வந்திருக்கிறான். அவள் முடிச்சைப் பார்க்கவில்லை, அறுந்த நுனியைப் பார்த்தாள். நல்ல சணல் அறுந்தால் விரல் நீளத்துக்குப் பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டு நிற்கும். இது தேய்ந்த துடைப்பம் மாதிரி கட்டையாக இருந்தது. நகத்தால் தட்டினாள், தூள் உதிர்ந்தது. இந்தத் தூளை அவள் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். கரித்துணிக்கு ஆகட்டும் என்று ஒரு பழைய சாக்கைக் காஸ்டிக் சோடா போட்டுக் கொதிக்கவைத்தபோது அது இப்படித்தான் கையோடு வந்தது.

இந்த இடத்தில் ஒரு சங்கதியைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடிதடி மட்டும்தான் புரியும். சணல் என்று ஒரே பேரில் இரண்டு நார் உலவுகின்றன. இரண்டையும் தண்டோடு ஊறப்போட்டு, அழுகவைத்து, அடித்துத் தோலை உரித்து, கழுவிக் காயப்போட வேண்டும். பட்டறையில் காலங்காலமாகத் திரிப்பது ஒன்று. அதற்கு அங்கே வெறும் சணல் என்று பேர். மற்றது மூட்டை தைக்கிற சாக்குக்குப் போவது. அதைச் சாக்குச் சணல் என்பார்கள், கொஞ்சம் இளக்காரமாக. வேலைக்கு வராமல் கதை அளக்கிறவனை "என்னடா, சாக்குச் சணல் திரிக்கிறியா?" என்று கேட்பது அந்தத் தெருவின் வழக்கம்.

பேர்தான் ஒன்று, உள்ளே இருக்கிற சத்து வேறு. பட்டறைச் சணலில் மரச்சத்து கொஞ்சம். அதன் நுண்ணிழை ஒவ்வொன்றும் ஒரு நெல் நீளம் வரும். காஸ்டிக்கில் வேகவைத்தால் பிசின் கரைந்து, இழை மெத்தென்று ஆகி, முறுக்கு நன்றாக உட்காரும். நனைந்தால் இன்னும் இறுகும். சாக்குச் சணலின் நுண்ணிழையோ ஓர் எள் நீளம்கூடத் தேறாது. அத்தனை துணுக்குகளையும் ஆள் உயர நாராகப் பிடித்து வைத்திருப்பதே மரச்சத்தும் பிசினும் சேர்ந்து போட்ட ஒட்டுதான். அந்த ஒட்டைக் கரைத்துவிட்டால் நார் போய்விடும். பார்வைக்கு மட்டும் நாராகவே கிடக்கும். காய்ந்திருக்கும்போது பளுவும் ஓரளவு தாங்கும். நனைந்தால் தெரியும் அதன் யோக்கியதை.

அந்த வருஷம் மழை அளவில்லாமல் பெய்தது. முறுக்கன் திரித்துக் கொடுத்த புரி பழுப்பாக இருந்தது. "சணல் வந்திருக்கு" என்று மட்டும்தான் அவன் சொன்னான். கலங்கல் தண்ணீரில் ஊறியதால் நிறம் கெட்டுவிட்டது என்று அவளாக நினைத்துக்கொண்டாள். தம்பிக்குப் போகிற கயிறு அழுக்காக இருக்கலாமா? ஒரு கொதிக்குப் பதில் இரண்டு கொதி வைத்தாள். தண்ணீர் டீ டிகாஷன் மாதிரி இறங்கியது. அதன் மேல் பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் ஒரு முக்கு. புரி வெள்ளையாக வந்தபோது அவளுக்கு ஒரே பெருமை. முறுக்கன் அதைக் கயிறாக்கி, உத்தரத்தில் கட்டித் தானே தொங்கிப் பார்த்தான். தாங்கியது. அண்டாவில் அவ்வளவுதான் இடம் இருந்ததால் இன்னொரு கயிறு வேகாமலே பழுப்பாகப் போயிற்று. சின்னவன் வந்து இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு, "ஒண்ணு மாப்பிள்ளை, ஒண்ணு பொண்ணு. ஜோடிப் பொருத்தம் சரியில்லையேக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

முறுக்கன் கயிறு திரிக்கிற நடைபாதையின் மறுகோடியிலிருந்து இடுப்பில் நாரோடு ஓடி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டான். பெரியவன் கயிறுகளை அவன் முகத்தில் வீசினான். முறுக்கன் குனிந்து அறுந்த நுனியை எடுத்துச் சுரண்டிப் பார்த்தான். பிறகு அண்டாவைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். நுனியைக் கீழே வைத்தான்.

"என்ன நாரு இது?" என்றான் பெரியவன்.

"சணல்."

"எந்தச் சணல்?"

முதல் அடி முறுக்கனின் வாயில் விழுந்தது. அவன் மல்லாந்து ராட்டையின் மேல் விழ, ராட்டையின் சட்டம் முறிந்தது. பெரியவன் அவனைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் அடித்தான். உதடு கிழிந்து ஒரு பல் நாருக்குள் விழுந்தது. அண்டாக்காரி நடுவில் புகுந்தாள். அவளைப் பெரியவன் அடிக்கவில்லை, ஒரு கையால் நகர்த்தினான். அந்த நகர்த்தலிலேயே அவள் சுவரில் போய் விழுந்தாள்.

சுவர் ஓரமாக நார் சீவுகிற சீப்புப் பலகை இருந்தது. ஆணி முனைகள் மேல்நோக்கி வரிசையாக நிற்கும். பெரியவன் முறுக்கனின் வலது கையை இழுத்து அதன் மேல் வைத்து, தன் முழங்காலால் அழுத்தினான். முறுக்கன் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பட்டறைகளில் ராட்டைகள் நின்றன. யாரும் உள்ளே வரவில்லை. சாவு வீட்டுக் கோபத்துக்கு நடுவில் போக யாருக்குத் துணிச்சல் இருக்கும்? கதவண்டை நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"எந்தச் சணல்னு கேட்டேன்."

"நம்ம சணல்தான் மச்சான். சத்தியமா நம்ம சணல்."

பொய். அவள் சுவரோரம் கிடந்தபடி அந்தப் பொய்யைக் கேட்டாள். அறுந்த நுனி அவளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டதுதான், இருந்தாலும் அவன் வாயால் கேட்டபோது உடம்பு கூசியது. இந்த மனுஷன் தெரிந்தேதான் கொடுத்திருக்கிறான். அதே மூச்சில் இன்னொன்றும் உறைத்தது. தெரியாமல் கெடுத்தவள் நான்.

வேலிக்கு அந்தப் பக்கம் நூலுக்குச் சாயம் போடுகிற சாயக்காரர் மட்டும் தைரியமாக உள்ளே வந்தார். வயசானவர். விரல் நகமெல்லாம் ஊதா. "ஏம்ப்பா, கொன்னுடாத" என்று பெரியவன் தோளைத் தொட்டார். பெரியவன் திரும்பி அவர் கையைப் பார்த்தான், நகத்தைப் பார்த்தான். அவர் சொன்ன எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

"ஐயா, உங்க சாயம் சொல்லுமில்ல, எது எந்த நாருன்னு?"

சொல்லும். அவர் தொழில் அது. அந்த ஊதாச் சாயம் பட்டறைச் சணலில் முதலில் கடுக்காய்த் தண்ணீரில் முக்காமல் நிற்காது, அலசினால் ஓடிவிடும். சாக்குச் சணல் மரச்சத்துள்ள நார். அது சாயத்தைக் கண்டவுடன் குடித்துவிடும், அலசினாலும் விடாது. இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் அவர். ஆனால் பெரியவன் கேட்ட கேள்விக்குத் தலை தானாக ஆடிவிட்டது.

பெரியவன் முறுக்கனைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினான். மழைச் சேற்றில் முறுக்கனின் முதுகு தடம் போட்டுக்கொண்டு போயிற்று. அண்டாக்காரி பின்னாலேயே ஓடினாள். சாயக்காரர் மூன்று துண்டு நறுக்கினார். ஒன்று அவர் சுவரில் தொங்கிய பழைய பட்டறைக் கயிறு, ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளை. மூன்றையும் ஊதாத் தொட்டியில் முக்கினார். முறுக்கன் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. எடுத்துத் தண்ணீரில் அலசினார். முதல் துண்டிலிருந்து ஊதா வழிந்து வழிந்து ஓடி, லேசான கறையோடு நின்றது. பழுப்புத் துண்டு அடர்ந்த ஊதாவாக நின்றது. வெள்ளைத் துண்டு கொஞ்சம் திட்டுத்திட்டாக, ஆனால் ஊதாவாகத்தான் நின்றது.

"ரெண்டும் சாக்குச் சணல்" என்றார் சாயக்காரர், தனக்கே சொல்லிக்கொள்வது போல.

"ஊர்ல சணல் எங்க இருக்கு மச்சான்?" என்றான் முறுக்கன். பல் போன வாயில் வார்த்தைகள் குழறின. "வெள்ளத்துல எல்லாம் அழுகிப் போச்சு. இது தாங்கும்னுதான்... ஒரு புரி கூட வெச்சுத்தான் முறுக்கினேன்."

"எங்கிட்ட சொன்னியா?"

"சொல்லல."

பெரியவன் பழுப்புக் கயிற்றை எடுத்தான். நிதானமாக ஒரு சுற்று, இன்னொரு சுற்று, முறுக்கனின் கழுத்தில் சுற்றினான். ஒரு முனையைச் சாயத்தொட்டிக் காலில் மாட்டினான். மறுமுனையைத் தன் கையில் சுருட்டிப் பிடித்து, காலை முறுக்கனின் தோளில் ஊன்றிக்கொண்டு இழுத்தான். அவன் முகத்தில் இப்போது கோபமே இல்லை. வேலை செய்கிற முகம் அது.

"உன் சணல் அறுதா இல்லையான்னு பாப்போம். அறுந்தா நீ பிழைச்ச. என் தம்பிக்கு அறுந்துச்சில்ல, உனக்கும் அறட்டும்."

கயிறு முறுகிக் கிரீச்சிட்டது. அறவில்லை. முறுக்கனின் கால்கள் சேற்றை உதைத்தன. கண்கள் பிதுங்கின. சாயக்காரர் பெரியவனின் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தார், ஒரு சுவரை இழுப்பது போலத்தான் இருந்தது. முறுக்கனின் பார்வை ஒரு முறை அவள் பக்கம் வந்தது. உதவி கேட்கிற பார்வை இல்லை அது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைக்கப் பார்த்தான். வேண்டாம், சொல்லாதே என்கிறான். அவளுக்குப் புரிந்தது. இவன் செத்துப்போவதற்குத் தயார், வாயைத் திறப்பதற்குத் தயாரில்லை.

"அறாது அண்ணா" என்றாள். "அது அறாது. அதை நான் வேகவைக்கல."

பெரியவன் இழுத்தபடியே திரும்பிப் பார்த்தான்.

"வெள்ளைக் கயித்த நான்தான் வேகவெச்சேன். சாக்குச் சணலை வேகவெச்சா போயிடும். வேகவைக்காதது எத்தனை இழுத்தாலும் அறாது. நீ இழுத்துப் பாக்குறியே, அதே நாருதான் ரெண்டும்."

கயிறு தளர்ந்தது. முறுக்கன் உருண்டு, இருமி, வாந்தி எடுத்தான். எடுத்த கையோடு தவழ்ந்து வந்து, அவள் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, ஆணி குத்தி ரத்தம் ஒழுகிய கையாலேயே அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். கல்யாணமானதிலிருந்து அவன் அவளை அடித்ததில்லை.

"வாய மூடு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது மச்சான், உளர்றா. எல்லாம் நான்."

பெரியவன் கை தானாக ஓங்கியது. என் தங்கச்சி மேலயா கைய வெக்கிற என்று கத்தி, அவன் விலாவில் ஓர் உதை விட்டான். அந்த உதை பாதியிலேயே சுருதி இறங்கிவிட்டது. எதற்கு யாரை அடிக்கிறோம் என்று அவனுக்கே பிடிபடவில்லை.

"எத்தனை கொதி வெச்ச?" என்று அவளிடம் கேட்டான்.

"ரெண்டு. அப்புறம் பிளீச்சிங்."

"எதுக்கு?"

"தம்பிக்குன்னு."

அவள் அடிக்காகக் காத்து நின்றாள். விழவில்லை. பெரியவன் அவளைப் பார்க்கவே இல்லை. கீழே கிடந்தவனின் கழுத்திலிருந்து கயிற்றைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தான். "மாப்பிள்ளை" என்றான். காலையிலிருந்து அவன் வாயில் வராத வார்த்தை. "நாளைக்கு எடுக்கறோம். நீங்க வந்து நில்லுங்க. அவ வர வேணாம்." கயிறுகளை அங்கேயே போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினான். வேலியோரம் திரண்டிருந்த கூட்டம் வழிவிட்டது.

சாயக்காரர் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டு வந்து முறுக்கனுக்குக் கொடுத்தார். அவன் குடித்த தண்ணீர் கிழிந்த உதட்டால் சிவப்பாக வழிந்தது. அவளைப் பார்த்து, குரல் எழும்பாத தொண்டையால் பேசினான். நீ சொல்லியிருக்க வேண்டாம் என்றான். தம்பிதான் போய்விட்டான், அண்ணனாவது உனக்கு மிஞ்சியிருப்பான் என்றான். அவள் அப்படியே நின்று கேட்டாள். அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அவன் செத்து, அண்ணனைச் சிறைக்கு அனுப்பி, அதன் மேல் அவளுக்கு உபகாரமும் செய்திருப்பான். செய்ய வேண்டியிருந்தது அதுவா?

வேலியைத் தாண்டிப் போய் அண்டாவிலிருந்து துடுப்பை உருவிக்கொண்டு வந்தாள். அதன் நுனியில் காஸ்டிக் ஆவி பறந்தது.

"சாக்கு" என்றாள். முதல் அடி அவன் முதுகில் விழுந்தது. "சாக்குச் சணல்னு சொல்லியிருந்தா நான் அண்டாப் பக்கமே கொண்டு போயிருப்பேனா? ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைய முழுங்கிட்டியே நீ."

அவனை அவள் ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தோளில் அடித்தாள், முழங்கையில் அடித்தாள், குறுக்கே வந்த சாயக்காரரின் கையிலும் ஓர் அடி விழுந்தது. முறுக்கன் தடுக்கவில்லை. குத்துப்பட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான். அடிக்க அடிக்க அவள் கை இன்னும் உயரமாகப் போயிற்று. கூட்டத்தில் ஒருத்தி, பின்னந்தலையில் பட்டால் போய்விடும் என்று அலறினாள். அண்டாக்காரிக்கும் அது தெரிந்தது. அங்கேதான் குறி வைத்துத் துடுப்பை ஓங்கினாள்.

துடுப்பு கீழே இறங்கவில்லை. பின்னாலிருந்து பெரியவன் அதைப் பிடித்திருந்தான். சத்தம் கேட்டுத் தெருமுனையிலிருந்து ஓடி வந்திருக்கிறான், மூச்சு இரைத்தது.

"விடு. அடிச்சா தம்பி திரும்பி வரமாட்டான்."

"காலையிலேருந்து உனக்கு அது தெரியலையா?"

பெரியவன் துடுப்பை அவள் கையிலிருந்து பிடுங்கவில்லை. இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் பேச ஆரம்பித்தபோது அவன் குரலை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"கயிறு நனைஞ்சிருக்குண்ணா, காயட்டும், நாளைக்கு ஏறலாம்னு சொன்னான். நான்தான், பயந்தாங்கொள்ளி, ஏறுடான்னேன். முடிச்சு அவிழல. அது நெசம். ஆனா ஏத்துனது நான்."

அவள் கை துடுப்பிலிருந்து நழுவியது. பெரியவன் அதை வேலியோரம் சாய்த்து வைத்தான். முறுக்கனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, சாயக்காரரிடம் ஒப்படைத்து, கையைக் கழுவிக் கட்டச் சொன்னான். பிறகு சேற்றில் கிடந்த தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டான்.

"தம்பி தனியாக் கிடக்கான்" என்றான், யாரிடம் என்றில்லாமல்.

அவன் தெருவில் இறங்கினான். தன்னையும் கூப்பிட்டானா என்று அவளுக்கு விளங்கவில்லை. முந்தானையால் முகத்தில் ஒட்டிய முறுக்கனின் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவளும் தெருவில் இறங்கினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் எட்டிப் பிடிக்கிற அளவுக்கு மெதுவாகத்தான் நடந்தான்.